கை நடுங்கும்போது எந்தப் புத்தகம்?

இன்சுலின் போட ஆரம்பித்த இரண்டாவது மாதத்தில் ஒரு நாள், அதிகாலை மூன்று மணிக்கு உடம்பெல்லாம் வியர்த்து விழித்துக்கொண்டேன். மீட்டரில் ரத்தச் சர்க்கரை 58. அலமாரியில் சர்க்கரை நோய்க் கையேடு ஒன்று இருந்தது. மருத்துவர் எழுதியது, தலையணை கனம். நடுங்கும் விரலால் பொருளடக்கத்தில் ‘சர்க்கரை குறைந்தால்’ என்று தேடினேன். அப்படி எதுவும் இல்லை. ‘உடனடிச் சிக்கல்கள்’ என்ற தலைப்பின் கீழே ஹைப்போகிளைசீமியா என்ற பெயரில் அது ஒளிந்திருந்தது. முதல் மூன்று பக்கமும் கல்லீரல் எப்படிக் குளுக்கோஸை வெளியிடுகிறது என்ற விளக்கம். புத்தகத்தை மூடிவிட்டுச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தேன்.

அன்றிலிருந்து எந்தக் கையேட்டை எடுத்தாலும் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் தேடுகிறேன். அதில் இருக்க வேண்டியவை கொஞ்சம்தான். 70-க்குக் கீழே இறங்கினால் 15 கிராம் குளுக்கோஸோ சர்க்கரையோ. 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. ஏறவில்லை என்றால் இன்னொரு 15 கிராம். சாக்லேட் இதற்கு ஆகாது, அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. இவ்வளவும் அரைப் பக்கத்தில் அடங்கும். அடக்குகிறவர்கள்தான் குறைவு.

பகலில் அதே தலையணைப் புத்தகம் வேறு ஆள். ஆய்வக அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு படிக்க அதற்கு ஈடில்லை. ஹெச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை ஏன் இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டுகிறது, சிவப்பணுவின் ஆயுளுக்கும் அதற்கும் என்ன தொடர்பு, ரத்தசோகை இருந்தால் அந்த எண் ஏன் நம்மை ஏமாற்றலாம், மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பல ஆண்டுகள் சாப்பிடுபவர் ஏன் பி12 அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அதிலிருந்துதான் புரிந்தது.

சமையலறைக்கு வந்தால் போட்டி இரண்டு வகைக்கு இடையில். ஒன்று தட்டுக் கணக்குப் புத்தகம்: தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு புரதம், கால் பங்கு மாவுச்சத்து. தராசு வேண்டாம், பெருக்கல் வேண்டாம். புதிதாக நோய் தெரியவந்து, மாத்திரையிலோ உணவுக் கட்டுப்பாட்டிலோ இருப்பவருக்கு இதைத்தான் முதலில் கொடுப்பேன். அதிகம் கேட்காத புத்தகத்தைத்தான் மனிதர்கள் தொடர்ந்து பின்பற்றுகிறார்கள். ஆனால் எல்லாம் சேர்த்து ஒரே பாத்திரத்தில் சமைத்ததை எந்தப் பங்கில் வைப்பது என்று அது சொல்வதில்லை. இன்னொரு குறை பெரியது. நான் பார்த்த தட்டுப் புத்தகத்தில், சர்க்கரை இறங்குவதைப் பற்றி ஒரே வரிதான். கிளிமெபிரைட் போன்ற மாத்திரைகளும் சர்க்கரையை இறக்கிவிடும் என்பதை அந்த ஆசிரியர் மறந்தே போனார்.

மற்றது கிராம் கணக்குப் புத்தகம். உணவு நேரத்துக்கு இன்சுலின் போடுபவருக்குத் தட்டுக் கணக்கு போதாது. 10 கிராம் மாவுச்சத்துக்கு ஒரு யூனிட் என்று மருத்துவர் சொல்லியிருந்தால், 60 கிராம் உள்ள உணவுக்கு 6 யூனிட். அந்த 60 எங்கிருந்து வரும்? அட்டவணையிலிருந்துதான். அதனால் இவ்வகைப் புத்தகத்தின் தரம் அட்டவணையின் நேர்மையில் இருக்கிறது. எடை பச்சையாகவா, வெந்த பிறகா என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். தானியம் வேகும்போது நீரை இழுத்து இரண்டு மூன்று மடங்கு கனக்கும். 100 கிராமில் உள்ள மாவுச்சத்து அந்த அளவுக்குக் குறைந்துவிடும். எது என்று சொல்லாத அட்டவணையை நம்பி இன்சுலின் போட்டால் என் அதிகாலை மூன்று மணி உங்களுக்கும் வரும். ‘ஒரு கப்’ என்று எழுதிவிட்டுக் கப்பின் அளவைச் சொல்லாத புத்தகத்தையும் அங்கேயே வைத்துவிடலாம். அலகையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்: சில நூல்கள் ரத்தச் சர்க்கரையை லிட்டருக்கு இத்தனை மில்லிமோல் என்ற கணக்கில் சொல்லும். அதை 18-ஆல் பெருக்கினால் டெசிலிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்பது வந்துவிடும். என்னுடைய 58 அங்கே 3.2.

நோயாளிகளே எழுதும் புத்தகங்கள் மேல் எனக்குக் கொஞ்சம் பாசம் அதிகம். ஊசியை ஒரே இடத்தில் போட்டுக்கொண்டே இருந்தால் அங்கே தோல் தடித்துக் கட்டி விழும், அதன் பிறகு அந்த இடத்தில் மருந்து ஒழுங்காக உறிஞ்சப்படாது என்பதை மருத்துவர் நூல் ஒரு வாக்கியத்தில் கடந்துபோகும். இவர்கள் விரலால் தடவிப் பார்க்கச் சொல்லித் தருவார்கள். இவர்களின் பலவீனமும் அதே இடத்தில்தான்: தன் உடம்புக்கு ஒத்துவந்த அளவை ஊருக்கே விதியாக்கிவிடுவார்கள். யூனிட் எண்களைத் தாண்டிப் படிக்கவும்.

‘மருந்தில்லாமல் சர்க்கரைக்கு விடை’ வகையைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. அதில் ஒரு துளி உண்மை உண்டு. பிரிட்டனின் டைரக்ட் ஆய்வில், கடுமையாக உணவைக் குறைத்து எடை இறக்கியவர்களில் 46 சதவீதம் பேர் ஓராண்டு முடிவில் மருந்தில்லாமல் நோய் தணிந்த நிலையில் இருந்தார்கள். ஆனால் அவர்கள் இரண்டாம் வகை நோயாளிகள், நோய் தெரிந்து 6 ஆண்டுக்குள் இருந்தவர்கள், இன்சுலின் போடாதவர்கள், மருத்துவக் கண்காணிப்பில் இருந்தவர்கள். இந்த நான்கையும் விழுங்கிவிட்டு எல்லோருக்கும் பொதுவாகப் பேசும் புத்தகம், உடம்பில் இன்சுலின் ஏறக்குறைய சுரக்காத முதல் வகை நோயாளி கையில் கிடைத்தால் ஆளையே கொன்றுவிடும்.

வாங்கும் முன் இன்னொரு பக்கத்தையும் தேடலாம்: காய்ச்சல், வாந்தி வந்த நாளில் என்ன செய்வது? சாப்பிடாவிட்டாலும் முதல் வகை நோயாளி இன்சுலினை அடியோடு நிறுத்தக்கூடாது, கீட்டோன் (இன்சுலின் போதாதபோது உடம்பு கொழுப்பை எரிப்பதால் ரத்தத்தில் சேரும் அமிலம்) பார்க்க வேண்டும் என்று அங்கே இருக்க வேண்டும். ‘ஃப்ளோசின்’ என்று பெயர் முடியும் சர்க்கரை மாத்திரைகளை அப்படிப்பட்ட நாளில் மருத்துவரைக் கேட்டு நிறுத்திவைப்பது வழக்கம். அவற்றைச் சாப்பிடுபவருக்குச் சர்க்கரை பெரிதாக ஏறாமலேயே கீட்டோன் ஆபத்து வரலாம். பழைய பதிப்புகளில் இது இருக்காது. என் கிராம் புத்தகத்தில் நோய்நாள் பக்கமே கிடையாது.

இப்போது தலையணைப் புத்தகம் அறிக்கைகளோடு மேசையில், கிராம் புத்தகம் தராசின் பக்கத்தில். தட்டுப் புத்தகத்தை, போன மாதம் நோய் தெரியவந்த அண்ணனுக்குக் கொடுத்துவிட்டேன். அவருடைய மாத்திரையின் பெயரைக் கேட்டுக்கொண்டு, விட்டுப்போன அந்த அரைப் பக்கத்தை உள்அட்டையில் பேனாவால் எழுதித்தான் கொடுத்தேன். அதன் நகல் ஒன்று என் மீட்டர் பைக்குள் மடித்து வைத்திருக்கிறது, பெரிய எழுத்தில்.