வெட்ஜ் தலையணை: படுத்ததும் படபடக்கும் நெஞ்சுக்கு எந்த அளவு உதவும்?

பகலெல்லாம் ஒன்றுமில்லை, படுத்த பிறகுதான் நெஞ்சு படபடக்கிறது. ஒரு துடிப்பு விட்டுப்போய் அடுத்தது பலமாக இடிக்கிறது என்பவர்கள் பலர் இப்போது வெட்ஜ் தலையணையைத் தேடி வாங்குகிறார்கள். நெஞ்செரிச்சலுக்கென்று விற்கப்படும் முக்கோண ஃபோம் துண்டுதான் அது. சரியான உயரத்தில் வாங்கிச் சரியாகப் படுத்தால் ஒரு சாராருக்கு இது நன்றாகவே பயன்படும். மற்றவர்களுக்குப் பணம் வீண். பார்க்க வேண்டிய மருத்துவரைப் பார்க்காமல் தள்ளிப்போடுவதற்கும் அது காரணமாகிவிடும். நீங்கள் எந்தச் சாரார் என்று தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது.

இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் இதயம் தன் எடையால் சரிந்து மார்புச் சுவரை ஒட்டி வருகிறது. மைட்ரல் வால்வின் ஓசையைக் கேட்க மருத்துவர் நம்மை இடப்பக்கம் திரும்பச் சொல்வதும் இதற்காகத்தான். அந்த நிலையில் சாதாரணத் துடிப்பே காதில் அறைவதுபோல் தெரியும். பலருடைய இரவுப் படபடப்பு இவ்வளவுதான். துடிப்பின் ஒழுங்கு கெட்டிருக்காது. சிலருக்கு ஒழுங்கே கெடுவதும் உண்டு. இதயம் சரியும்போது இடது மேலறையும், நுரையீரலிலிருந்து அதில் வந்து சேரும் சிரைகளும் இழுபடுகின்றன. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனப்படும் மேலறைத் துடிப்புக் குழப்பத்தைத் தொடங்கிவைக்கும் மின்பொறிகள் பெரும்பாலும் அந்தச் சிரைகளிலிருந்தே கிளம்புகின்றன என்று பிரான்சின் போர்தோ நகர மருத்துவர் மிஷேல் ஹைசகேர் குழுவினர் 1998இல் காட்டினார்கள். அந்தக் கோளாறு ஏற்கெனவே உள்ளவர்களில் சிலர் இடப்பக்கம் திரும்பினால் தொடங்கிவிடுகிறது என்று சொல்வதை இதோடு சேர்த்துப் பார்க்கலாம்.

அடுத்தது வயிறு. ஒன்பதரைக்குச் சாப்பிட்டுப் பத்து மணிக்குப் படுத்தால் உப்பிய இரைப்பை உதரவிதானத்தை மேலே தள்ளுகிறது. அதற்கு நேர் மேலே இதயம். ஜெர்மன் மருத்துவர் லுட்விக் ரோம்ஹெல்ட் இந்த வயிறு-இதயத் தொடர்பை நூறு ஆண்டுகளுக்கு முன்பே விவரித்திருக்கிறார். போதாததற்கு, இரைப்பைக்கும் இதயத்துக்கும் போவது ஒரே வேகஸ் நரம்பு. இரவில் அதன் பிடி ஓங்குகிறது; துடிப்பின் வேகம் குறைகிறது; மேலறைத் தசை ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் எடுக்கும் ஓய்வு குறுகுகிறது. தாறுமாறான மின்னோட்டம் உள்ளே நுழைந்து சுற்ற அது வசதியாகிவிடுகிறது. பாரிஸ் மருத்துவர் ஃபிலிப் கூமெல் தனியாகப் பிரித்துக் காட்டிய வேகஸ் வகைத் துடிப்புக் குழப்பம் இரவிலும் சாப்பாட்டுக்குப் பின்னும் வருவது இதனால்தான்.

இங்கேதான் ஒரு சிக்கல். எதுக்களிப்பு உள்ளவருக்கு இடப்பக்கம் படுப்பதே நல்லது. அப்போது இரைப்பை உணவுக்குழாயின் வாய்க்குக் கீழே தங்கும், அமிலம் மேலே ஏறாது. படபடப்பு உள்ளவருக்கோ வலப்பக்கம்தான் சுகம். இரண்டும் இருப்பவர் எந்தப் பக்கம் படுப்பது? வெட்ஜின் உண்மையான மதிப்பு இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. உடம்பின் மேல்பாதி சாய்வாக உயர்ந்துவிட்டால், வலப்பக்கம் திரும்பினாலும் அமிலம் எளிதில் ஏறாது. மல்லாந்து படுத்தாலும் வயிற்றின் அழுத்தம் குறையும். இவர்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். எதுக்களிப்பே இல்லாமல் இடப்பக்கம் படுத்தால் மட்டும் துடிப்பு கேட்கிறது என்பவர் வலப்பக்கம் திரும்பினாலே போதும். தலையணை வாங்க வேண்டாம்.

கடையில் கிடைப்பவை பெரும்பாலும் 24 அங்குல நீளம், உயரம் 7.5, 10, 12 அங்குலம். 7.5 அங்குலம் என்றால் சாய்வு ஏறத்தாழ 17 டிகிரி, 12 என்றால் 27 டிகிரி. ஒருக்களித்துப் படுப்பவர் இந்த நீளத்தில் 7.5க்கு மேல் போகக் கூடாது. 12 அங்குலத்தில் ஒருக்களித்தால் இடுப்பு பக்கவாட்டில் வளைந்து, தோளில் பாரம் ஏறி, விடியும்போது கை மரத்திருக்கும். 12 அங்குலம் மல்லாந்தே தூங்குபவருக்கு மட்டும். நீளத்தையும் பார்த்து வாங்குங்கள். 5 அடி 8 அங்குலத்துக்கு மேல் உயரமானவருக்கு 24 அங்குலம் போதாது, தலை விளிம்புக்கு வெளியே போய்விடும்.

வாங்கியவர்களில் பெரும்பாலோர் செய்யும் தவறு, சாதாரணத் தலையணை போலத் தலையை மட்டும் இதன்மேல் வைப்பது. அப்படிச் செய்தால் முகவாய் நெஞ்சில் இடித்து மூச்சுவழி குறுகும், குறட்டை கூடும், வயிறும் மடங்கும். சாதாரணத் தலையணைகளை மூன்று நான்காக அடுக்கினாலும் இதே கதிதான். மெல்லிய விளிம்பு இடுப்புக்கு அடியில் வர வேண்டும். முதுகு, தோள், தலை மூன்றும் சாய்வின் மேல் இருக்க வேண்டும். கழுத்துக்கு இரண்டு அங்குலத்துக்கு மிகாத தட்டைத் தலையணை போதும். இரவில் கால்மாட்டுப் பக்கம் வழுக்கிப் போவது அடுத்த தொல்லை. வழுக்கினால் உடம்பு இடுப்பில் மடிந்து வயிற்றை நசுக்கும், வாங்கிய நோக்கமே கெடும். மல்லாந்தால் முழங்காலுக்கடியில் சுருட்டிய துண்டு, ஒருக்களித்தால் முழங்கால்களுக்கிடையே ஒரு தலையணை என்று முட்டுக் கொடுத்தால் வழுக்காது.

ஃபோம் 32 டென்சிட்டிக்கு (கன மீட்டருக்கு 32 கிலோ அடர்த்தி) குறைந்தால் சில மாதங்களில் அமுங்கிக் கோணம் குறையும். எடை கூடுதலானவருக்கு 40 பார்க்கலாம். மேலே ஓர் அங்குல மெமரி ஃபோம் வைத்த வகை தொடுவதற்கு இதமாக இருக்கும், ஆனால் சூட்டைப் பிடித்துவைக்கும். ஏசி இல்லாத அறையில் சாதாரண ஃபோமும் பருத்தி உறையுமே மேல். மெத்தென்ற மெத்தையில் வைத்தால் வெட்ஜும் சேர்ந்து புதையும். தேங்காய் நார் மெத்தையிலும் பாயிலும் அளவு மாறாமல் நிற்கும்.

தலையணையால் ஆகாத காரியங்களும் உண்டு. சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையே மூன்று மணி நேரம் இல்லையென்றால் எந்தச் சாய்வும் முழுப்பலன் தராது. மது இன்னும் நேரடியான காரணம். ஆஸ்திரேலியாவில் நடந்து 2020இல் வெளியான ஆய்வில், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ள 140 பேரில் மதுவைத் தவிர்த்த பிரிவில் 53 விழுக்காட்டினருக்கும், வழக்கம்போல் குடித்த பிரிவில் 73 விழுக்காட்டினருக்கும் கோளாறு திரும்பியது. காபியைப் பற்றிய பயம் கொஞ்சம் மிகை. 100 பேரிடம் நடத்தி 2023இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், காபி குடித்த நாட்களில் மேலறையில் நேரத்துக்கு முன்பே வரும் துடிப்புகள் குறிப்பிடும்படி கூடவில்லை. கீழறையில் அப்படி முந்திவரும் துடிப்புகள் கூடின, தூக்கம் சுமார் 36 நிமிடம் குறைந்தது. சிலருக்குப் படுக்குமுன் மடமடவென்று ஐஸ் தண்ணீர் குடித்தாலே வேகஸ் தூண்டப்பட்டுத் துடிப்பு தடுமாறும். மூக்கடைப்புக்கான மாத்திரைகளில் உள்ள சூடோஎஃபெட்ரினும் படபடப்பைக் கிளப்பும்.

குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருகிறதா என்று பக்கத்தில் படுப்பவரிடம் கேளுங்கள். அடைத்த மூச்சுவழிக்கு எதிராக மூச்சை இழுக்கும்போது மார்புக்குள் உண்டாகும் உறிஞ்சல் மேலறைகளை இழுத்து விரிக்கிறது; ஆக்சிஜனும் குறைகிறது. இதற்கு வெட்ஜ் சிகிச்சையாகாது. தூக்கப் பரிசோதனையும், தேவைப்பட்டால் முகமூடி வழியாக அழுத்தத்தோடு காற்றை அனுப்பும் சிபேப் கருவியும்தான் வழி.

பலன் இருக்கிறதா என்று பார்க்க நாடியே போதும். படபடக்கும்போது மணிக்கட்டில் விரல் வைத்து முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் விட்டுப்போன துடிப்பு தெரியாது. எந்தப் பக்கம் படுத்திருந்தீர்கள், சாப்பிட்டு எவ்வளவு நேரம் ஆனது என்பதையும் குறியுங்கள். வெட்ஜ் இல்லாமல் ஒரு வாரம், வெட்ஜோடு ஒரு வாரம் எழுதினால் விடை கிடைத்துவிடும். ஒழுங்காக ஓடி எப்போதாவது ஒன்று தவறுவது பெரும்பாலும் தீங்கற்றது. எந்த ஒழுங்கும் இல்லாமல் தாறுமாறாகத் துடித்தால் ஈசிஜி எடுத்தாக வேண்டும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்றால் பக்கவாத அபாயம் உண்டு, தலையணையை நம்பி நாள் கடத்தக் கூடாது. நெஞ்சுவலி, மயக்கம், மூச்சுத்திணறல் சேர்ந்தால் உடனே 108. தலையை உயரமாக வைத்தால்தான் மூச்சு விட முடிகிறது என்ற நிலை புதிதாக வந்திருந்தால் அது இதயச் செயலிழப்பின் அறிகுறியாக இருக்கலாம். வெட்ஜ் அதை மறைத்துவிடும்.

கட்டில் உள்ளவர்கள் தலைமாட்டுக் கால்களுக்கு 15 சென்டிமீட்டர் மரக்கட்டை வைத்தும் பார்க்கலாம். ஆறரை அடிக் கட்டிலில் சாய்வு நான்கரை டிகிரிக்குள்தான் வரும், ஆனாலும் உடம்பு எங்கும் மடியாது, புரண்டு படுக்க இடமும் இருக்கும். செங்கல் வேண்டாம், கால் நழுவும். நடுவில் குழி செதுக்கிய கட்டையே பாதுகாப்பு. வெட்ஜ்தான் வேண்டுமென்றால் பெட்டியில் வருவதை வாங்குவதைவிட, மெத்தைக் கடையில் 30 அங்குல நீளம், 30 அகலம், 8 உயரம், 40 டென்சிட்டி என்று சொல்லி வெட்டி வாங்குவதே நல்லது. நீளம் கூடுவதால் 8 அங்குல உயரத்திலும் சாய்வு ஏறத்தாழ 15 டிகிரிதான், ஒருக்களிக்கவும் ஏற்றது. இந்த அகலம் இருந்தால் திரும்பிப் படுக்கும்போது தோள் விளிம்பிலிருந்து சரியாது. ஜிப் வைத்த பருத்தி உறை இரண்டு தைக்கச் சொல்லுங்கள். புது ஃபோமின் வாடை போக இரண்டு மூன்று நாள் நிழலில் காற்றாட வைத்த பிறகு படுக்கையில் போடுங்கள்.