ராணிக்கு உப்பில்லாத நெத்தலி

ராணி என்கிற நாய் என் ஓட்டோவில் ஏறி நாலு வருடமாகிறது. திருகோணமலை அனுராதபுரச் சந்தியில் ஒரு மழைநாளில் ஏறியவள், பிறகு இறங்கவே இல்லை. ஹயர் ஓடும்போது என் காலடியில் சுருண்டு கிடப்பாள். தரிப்பிடத்தில் நின்றால் மோவாயை முன்பக்கத்தில் வைத்துக்கொண்டு தெருவைப் பார்ப்பாள். இதனால் வந்த வினை என்னவென்றால், ஏறுகிறவர்கள் எல்லோருக்கும் அவளுக்கு ஏதாவது தின்னக் கொடுக்க வேண்டும் போல இருக்கும். உப்புவெளியில் இறங்கும் வெள்ளைக்காரர் சொக்லேட் நீட்டுவார். கலியாண வீட்டிலிருந்து திரும்பும் அம்மா பையைத் திறந்து ரிச் கேக் பெட்டியை எடுப்பார். அன்பில் குறை சொல்ல முடியுமா? ஆனால் சொக்லேட் நாயின் நெஞ்சுத் துடிப்பைத் தாறுமாறாக்கும். ரிச் கேக்கில் கிடக்கிற, நாங்கள் பிளம்ஸ் என்று சொல்கிற முந்திரிகை வற்றல் சிறுநீரகத்தையே கெடுத்துவிடும்.

அதனால் ஒரு வழி செய்தேன். கொடுக்க ஆசைப்படுகிறவர்கள் கொடுக்கட்டும், ஆனால் என் டப்பாவில் இருந்துதான். டப்பாவை எதால் நிரப்புவது என்று தேடிப் போனபோது கிடைத்ததுதான் இந்தக் கடை.

மீன் சந்தையில் இருந்து நடந்து போகிற தூரம். கோழித்தீன் விற்கும் கடை ஒன்றின் பாதியைத் தடுத்து, நாய் பூனைச் சாமான் வைத்திருக்கிறார்கள். பெயர்ப்பலகை வெயிலில் வெளுத்துப் போனது, வாசிக்க முடியாது. உள்ளே ஒரு தம்பி. நான் முதல் நாள் போய் "நாய்க்குக் கொறிக்க ஏதாவது தாங்கோ" என்றதும் அவர் தட்டைப் பார்க்கவில்லை, தெருவில் நின்ற ராணியைப் பார்த்தார்.

"அண்ணை, எத்தனை கிலோ?"

கோழித்தீன் நிறுக்கும் தராசிலேயே ஏற்றினோம். 12 கிலோ. பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார்: குட்டி போடாமல் சத்திரசிகிச்சை செய்த 12 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 720 கலோரி போதும். அதில் பத்தில் ஒரு பங்குதான் கொறியலுக்கு. அதாவது ஒரு அவித்த முட்டை அளவு. ஒரு மாரி பிஸ்கட்டில் இருபது சொச்சம் கலோரி இருக்கிறது. நானோ தேத்தண்ணி குடிக்கிற நேரமெல்லாம் அவளுக்கு இரண்டு பிஸ்கட் போட்டுக்கொண்டிருந்தேன், நாளைக்கு நாலு தேத்தண்ணி. அவளுக்கு இடுப்பே காணாமல் போன காரணம் அன்றைக்குத்தான் விளங்கியது.

சரி, சாமானுக்கு வருவோம். இங்கே வாங்க வேண்டியது ஒன்றுதான்: உப்புப் போடாமல் காயவைத்த நெத்தலி. 100 கிராம் பை, எனக்கு 450 ரூபாவுக்குத் தந்தார். திருகோணமலைக்காரனுக்குக் கருவாட்டைக் காசு கொடுத்து நாய்க்கு வாங்குவது முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. வீட்டுக் கருவாட்டில் இரண்டு துண்டை எறிந்தால் முடிந்ததே? முடியாது. எங்கள் கருவாடு உப்பில் ஊறியது. நாய் அதைத் தின்றுவிட்டு வாளித் தண்ணீரைக் குடித்துக் காலி செய்யும். கூடினால் வாந்தி, நடுக்கம் என்று போகும்.

நான் நம்பிக்கையில்லாத ஆள். ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தேன், தம்பி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். உண்மையாகவே உப்பில்லை. கடல் தண்ணீரின் மெல்லிய கரிப்பு மட்டும் நாக்கில் பட்டது, பிறகு மீனின் இனிப்பு. விரல் நீளம், வெள்ளிக்கோடு இன்னும் தெரிகிறது, வளைத்தால் டக்கென்று முறிகிறது. முள் அவ்வளவு மெல்லியது, ராணி இரண்டு கடியில் முடிக்கிறாள். மணம் மட்டும் கொஞ்சம் தூக்கல். மூடி இறுக்கமில்லாத டப்பாவில் வைத்தால் பின்சீற்றில் இருக்கிறவர் மூக்கைப் பிடிப்பார். எனக்கு நடந்தது, நிலாவெளி வரைக்கும்.

குறையும் சொல்ல வேண்டும். பையில் திகதி இல்லை. வெறும் பொலித்தீன், மெழுகுதிரியில் சுட்டு ஒட்டியது. காய்ந்த கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் வாங்கியது கடைசி மீன் வரை மொறுமொறுவென்று இருந்தது. மாரி தொடங்கி வாங்கிய பையில் மீன் முறியவில்லை, தோல் மாதிரி வளைந்தது, காறல் வாடையும் அடித்தது. கொண்டுபோய்க் காட்டினேன். தம்பி ஒரு வார்த்தை மறுபேச்சில்லாமல் வேறு பை தந்தார், அது அவருக்கு நல்ல புள்ளி. ஆனால் அன்றிலிருந்து நான் கடையிலேயே பையைத் திறந்து ஒன்றை முறித்துப் பார்த்துத்தான் காசு கொடுக்கிறேன், பையில் பேனாவால் திகதியும் எழுதிவிடுகிறேன்.

கடையில் மற்றதெல்லாம்? கண்ணுக்கு முன்னால் தொங்குவது முடிச்சுப் போட்ட வெள்ளை எலும்புகள். எலும்பு இல்லை அது, மாட்டுத்தோல். இதே மாதிரி ஒன்றை முன்பு வேறொரு இடத்தில் வாங்கி நான் பட்ட பாடு போதும். ராணி அரை மணித்தியாலம் சப்பினாள், நுனி ஊறிக் கொழகொழத்துப் போனது, பிய்த்து அப்படியே விழுங்கிவிட்டாள். தொண்டையில் நின்றுவிட்டது. இருமவும் முடியாமல், முன்காலால் வாயைப் பிராண்டிக்கொண்டு நின்ற அந்த முகம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. மிருக வைத்தியர் கொறடு மாதிரி ஒன்றை விட்டு இழுத்தார், நாலு விரல் அகலத்தில் வெள்ளைத் தோல் வந்தது. வயிற்றுக்குள் போயிருந்தால் இன்னும் ஊதிக் குடலை அடைத்திருக்கும் என்றார். இதை இந்தத் தம்பிக்குச் சொன்னேன். "ஆக்கள் கேக்கினம் அண்ணை" என்றார். கேட்கிறார்கள் என்பதற்காகக் கல்லாவுக்கு நேரே தொங்கவிட வேண்டுமா என்பது என் கேள்வி, அது இன்னும் தொங்குகிறது.

கடிக்கக் கொடுக்கிற எதையும் இப்போது பெருவிரல் நகத்தால் அழுத்திப் பார்க்கிறேன். நகம் பதியவில்லையென்றால் நாய்ப்பல் உடையும் என்று அதே வைத்தியர் சொல்லித் தந்தது. கூட ஓடுகிற ஒருவன் மான்கள் திரிகிற கோட்டைப் பக்கம் விழுந்து கிடக்கும் மான்கொம்பை எடுத்துக் கொடு என்றான், வெளிநாட்டில் அதுதானாம் நாகரிகம். நகம் பதியாத சாமான் அது. போதாததற்கு மான் பாதுகாக்கப்பட்ட விலங்கு, கொம்பை வண்டியில் வைத்துக்கொண்டு பொலிசுக்கு விளக்கம் சொல்ல நான் தயாரில்லை.

இதே ஆள்தான் சோற்றுப் பார்சலில் மிஞ்சிய கோழி எலும்பையும் ராணிக்கு எறிவான். வெந்த எலும்பு ஊசியாகச் சிதறும், அதோடு ஒட்டியிருக்கும் வெங்காயமும் இரத்தத்தைக் கெடுக்கும். அவனோடு இரண்டு தரம் சண்டை பிடித்திருக்கிறேன்.

வெளிநாட்டுப் பொதிகளும் கொஞ்சம் உண்டு, விலை என் நாள் உழைப்பில் பாதி. ஒன்றில் சீனி இல்லாதது என்று போட்டிருந்தது. நாய்ச்சாமானாக இருந்தாலும் எழுத்தை வாசித்துத்தான் வாங்குவேன். சீனிக்குப் பதிலாகச் சைலிட்டால் என்று இருந்தால், ஈ967 என்றும் எழுதுவார்கள், தொடவே கூடாது. கொஞ்சம் போனாலே நாயின் இரத்தச் சீனி சடாரென்று இறங்கிவிடும். கச்சான் (நிலக்கடலை) பட்டர் போத்தலிலும் சில வேளை இருக்கும்.

நெத்தலி முடிந்த நாட்களில் டப்பாவுக்குள் கரட் துண்டு, விதை எடுத்த பப்பாசி. பயணிகள் கரட்டைக் கண்டால் என்னைக் கஞ்சன் என்று நினைக்கிறார்கள், ராணி அப்படி நினைக்கவில்லை.

போன கிழமை போனபோது நெத்தலி இல்லை. மழை, காயவில்லையாம். அடுத்த வெயிலுக்கு ஐந்து பை எடுத்துவைக்கச் சொல்லிவிட்டு வந்தேன். ராணி அந்தக் கோழித்தீன் தராசில் தானே ஏறிக் குந்திக்கொண்டு இறங்க மாட்டேன் என்றாள். முள் பதினொன்றரையில் நின்றது.