மெயின் லைனுக்கு வேண்டியது வேகமா, கிராஸிங் நிலையமா, இரண்டாவது பாதையா?

சென்னை எழும்பூரிலிருந்து தெற்கே வரும் ரயில்பாதை விழுப்புரத்தில் பிரிகிறது. விருத்தாசலம், அரியலூர் வழியாகத் திருச்சிக்குப் போவது கார்டு லைன். பண்ருட்டி, கடலூர், சிதம்பரம், சீர்காழி, மயிலாடுதுறை, கும்பகோணம் என்று பெரிய ஊர்களைத் தொட்டுக்கொண்டு தஞ்சாவூருக்குப் போவது மெயின் லைன். கார்டு லைன் இருவழிப்பாதையாகி ஆண்டுகள் பல ஆகின்றன. மதுரைக்குத் தெற்கே நாகர்கோவில் வரை இருந்த மிச்ச வேலையும் 2024-ல் முடிந்துவிட்டது. திருச்சிக்கும் தஞ்சைக்கும் இடையே இரண்டு பாதைகள் உண்டு. நடுவில் விழுப்புரம் முதல் தஞ்சாவூர் வரை, 190 கிலோமீட்டருக்குச் சற்று மேலான தூரம் மட்டும் இன்னும் ஒற்றைப்பாதை.

இதைச் சரிசெய்ய நான்கு யோசனைகள் பேசப்படுகின்றன. கார்டு லைனையே நம்பிக்கொள்வது, இருக்கும் பாதையில் வேகத்தைக் கூட்டுவது, கிராஸிங் (எதிரெதிர் ரயில்களில் ஒன்று ஒதுங்கி மற்றதற்கு வழிவிடுவது) வசதியையும் சிக்னலையும் பெருக்குவது, முழுதாக இரட்டைப்பாதை போடுவது.

முதல் யோசனைக்கு அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. சென்னையிலிருந்து திருச்சிக்குக் கார்டு லைனில் 337 கிலோமீட்டர். மெயின் லைனில் ஏறத்தாழ 400. திருச்சிக்கும் அதற்கு அப்பாலும் போகிறவருக்குக் கார்டு லைன்தான் சரி. ஆனால் சிதம்பரத்துக்காரருக்கும் கும்பகோணத்துக்காரருக்கும் அதனால் ஒரு பயனும் இல்லை. உழவன், சோழன், மன்னை, செந்தூர் ஆகிய விரைவு ரயில்களும், அறுவடைக்குப் பிறகு டெல்டாவிலிருந்து நெல்லும் அரிசியும் ஏற்றிப் போகும் சரக்கு ரயில்களும் இந்த ஒற்றைப்பாதையை நம்பித்தான் இருக்கின்றன.

அடுத்த மூன்றையும் எடைபோட, ஒற்றைப்பாதையில் நேரம் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். எதிரெதிரே வரும் இரண்டு ரயில்கள் ஒரு சிறு நிலையத்தில் கிராஸிங் ஆவதை எடுத்துக்கொள்வோம். முதலில் வரும் பாசஞ்சர் ரயில் வேகத்தைக் குறைத்து, தண்டவாளம் பிரியும் பாயிண்ட்டில் பெரும்பாலும் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மிகாமல் ஊர்ந்து, ஒதுங்கி நிற்பதற்கான பக்கப் பாதையான லூப் லைனுக்குள் நுழைகிறது. அது முழுதாக உள்ளே வந்து நின்ற பிறகே, பல நிலையங்களில், எதிர்த் திசை ரயிலுக்கு உள்ளே வர சிக்னல் கொடுக்க முடியும். எதிர் ரயில் கடந்து போனதும், அதற்குப் பின்னால், இரு நிலையங்களுக்கு இடைப்பட்ட பாதையான பிளாக் செக்‌ஷன் காலியானது உறுதியாகி, பாயிண்ட்டை மாற்றி, அடுத்த நிலையத்திடம் லைன் கிளியர் என்ற அனுமதி வாங்கி, அதன் பிறகு பாசஞ்சர் கிளம்ப வேண்டும். எல்லாம் குறித்த நேரத்தில் நடந்தாலே பத்து நிமிடம் போய்விடும். எதிர் ரயில் அரை மணி தாமதம் என்றால் கட்டுப்பாட்டு அறைக்கு இரண்டே வழிகள்: பாசஞ்சரை அங்கேயே நிறுத்தி வைப்பது, அல்லது அடுத்த நிலையத்துக்கு அனுப்பி கிராஸிங்கை அங்கே வைத்துக்கொள்வது. அடுத்த நிலையத்தின் லூப்பில் ஏற்கெனவே சரக்கு ரயில் நின்றால் இரண்டாவது வழியும் அடைபட்டுவிடும். காலையில் ஒரு ரயிலுக்கு ஏற்பட்ட தாமதம் மாலைக்குள் ஐந்தாறு ரயில்களைப் பிடித்துக்கொள்வது இப்படித்தான்.

ரயில்வேயில் பாதையின் கொள்ளளவைக் கணிக்க ஸ்காட் சூத்திரம் என்ற எளிய கணக்கு ஒன்று உண்டு. ஒரு நாளின் 1,440 நிமிடங்களை, மிக நீண்ட பிளாக் செக்‌ஷனை மெதுவான ரயில் கடக்கும் நேரமும் பிளாக் வேலைக்கு (லைன் கிளியர் வாங்குவது, பாயிண்ட், சிக்னல் மாற்றுவது) ஆகும் நேரமும் சேர்ந்த தொகையால் வகுக்க வேண்டும். வருவதில் 70 சதவீதத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். உதாரணமாக, மெதுவான ரயிலுக்கு 15 நிமிடம், பிளாக் வேலைக்கு 5 நிமிடம் என்று வைத்தால், இரு திசைக்கும் சேர்த்து நாளொன்றுக்கு 50 ரயில்கள். தண்டவாளத்தை வலுப்படுத்தி வேகத்தைக் கூட்டி 15 நிமிடத்தை 13 ஆக்கினால் 56. வேகத்தைத் தொடாமல் அதே செக்‌ஷனின் நடுவில் ஒரு கிராஸிங் நிலையம் வைத்து, ஒவ்வொரு பாதிக்கும் 8 நிமிடம் என்று ஆக்கினால் 77.

வேகம் கூட்டுவதில் எனக்கு ஆர்வம் குறைந்ததற்கு இந்தக் கணக்கே காரணம். மணிக்கு 110, 130 என்பதெல்லாம் அறிவிப்பில் எடுப்பாக இருக்கும். ஒற்றைப்பாதையில் வேகமாகப் போன ரயில் அடுத்த கிராஸிங்கில் போய்க் காத்துக்கிடக்கும். வேகத்தில் ஒரே ஒரு வகைக்கு நான் வாக்களிப்பேன்: பாசஞ்சர் ரயில்களைத் தனி எஞ்சின் இல்லாமல் மின்சாரத்தில் ஓடும் மெமு வண்டிகளாக மாற்றுவது. நின்று கிளம்பியதும் சட்டென்று வேகம் பிடிப்பதால் மெதுவான ரயிலின் நேரமே குறையும். பாதை ஏற்கெனவே மின்மயமாகிவிட்டது.

கிராஸிங் நிலையங்களைக் கூட்டுவது செலவு குறைந்த, விரைவில் முடியக்கூடிய வேலை. பாதையை அகலப்பாதையாக்கிய கேஜ் மாற்றத்தில் கிராஸிங் வசதியை இழந்து வெறும் நிறுத்தமாகிவிட்ட நிலையங்களுக்கு லூப் லைனைத் திருப்பிக் கொடுக்கலாம். ஏற்கெனவே உள்ள லூப்புகளை 750 மீட்டருக்கு நீட்டலாம். முழு நீள சரக்கு ரயில் ஒதுங்கி நிற்க அந்த அளவு வேண்டும். நடுவழி சிக்னல்கள் வைத்து பிளாக்கைப் பிரிப்பதும் பேசப்படுகிறது. ஒன்றன்பின் ஒன்றாக ஒரே திசையில் போகும் ரயில்களுக்கு அது உதவும். எதிரே வரும் ரயிலை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. கிராஸிங் நிலையங்களுக்கும் ஓர் எல்லை உண்டு. மிக நீண்ட செக்‌ஷன் எதுவோ அதுவே முழுப் பாதையின் அளவைத் தீர்மானிக்கும் என்பதால், அங்கொன்று இங்கொன்று வைத்துப் பயனில்லை. கிராஸிங் எண்ணிக்கை கூடக் கூடத் தாமதம் தொற்றும் இடங்களும் கூடும். ரயில்களின் எண்ணிக்கையை உயர்த்தும் வழி இது. நேரம் தவறாமைக்கு இது பாதி மருந்துதான்.

இரட்டைப்பாதையில் எதிர் ரயிலுக்காகக் காத்திருப்பது என்ற பேச்சே இல்லை. அதே உதாரணக் கணக்கில் ஒவ்வொரு திசைக்கும் 50. நடுவழி சிக்னல் வைத்தால் இன்னும் மேலே போகும். ஒரு பாதையில் பராமரிப்பு வேலை நடக்கும்போது மற்றதில் ரயில்களை ஓட்டலாம். மயிலாடுதுறை–விழுப்புரம் பாதையை அகலப்பாதையாக்க 2006 இறுதியில் மூடியவர்கள் 2010-ல்தான் திறந்தார்கள். அந்த ஆண்டுகளை டெல்டா மக்கள் மறக்கவில்லை. இரண்டாவது பாதை போட அப்படி மூட வேண்டியதில்லை. இணைப்பு வேலை நடக்கும் சில நாட்களுக்குத்தான் ரயில்கள் தடைபடும்.

எங்கே தொடங்குவது என்பதில் எனக்குத் திட்டமான கருத்து உண்டு. திருச்சியிலிருந்து வந்த இரட்டைப்பாதை தஞ்சையில் நிற்பதால், அங்கிருந்து கும்பகோணத்துக்கு நீட்டுவதே இயல்பு என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் தஞ்சை ரயில்களும் திருவாரூர், மன்னார்குடி ரயில்களும் மயிலாடுதுறையில் ஒன்றுசேர்ந்து விழுப்புரம் வரையுள்ள 122 கிலோமீட்டரில் ஓடுகின்றன. பாரம் அதிகம் விழுவது அங்கேதான். தொடக்கமும் அங்கேதான் இருக்க வேண்டும். தென்பெண்ணை, கெடிலம், வெள்ளாறு, கொள்ளிடம் என்று ஆறுகள் குறுக்கே வருவதால் பாலச் செலவு பெரிதாகும். சிதம்பரத்துக்கும் சீர்காழிக்கும் இடையிலுள்ள கொள்ளிடப் பாலத்தைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு, இரு பக்கமும் இரட்டிப்பை முடிக்கலாம். ஒரு சிறு துண்டு ஒற்றைப்பாதையால் வரும் நெருக்கடி, 122 கிலோமீட்டரால் வருவதைவிட எவ்வளவோ குறைவு.

இரட்டைப்பாதை ஆதரவாளர்கள் பேசத் தவறும் விஷயங்கள் இரண்டு. டெல்டாவில் ரயில் கரை நூற்றுக்கணக்கான வாய்க்கால்களையும் வடிகால்களையும் குறுக்கே வெட்டிச் செல்கிறது. கரையை அகலப்படுத்தும்போது ஒவ்வொரு மதகையும் அதே நீர்வழியோடு, முடிந்தால் கூடுதலாக, நீட்ட வேண்டும். எங்காவது குறுக்கினால் ஐப்பசி மழையில் மேற்கே சம்பா வயல் மூழ்கும்; நடவு போன விவசாயிக்கு ரயில் நேரத்துக்கு வந்தது ஆறுதல் ஆகாது. அடுத்தது ரயில்வே கேட். ரயில்கள் பெருகினால் கேட் மூடியிருக்கும் நேரமும் பெருகும். பல கேட்டுகளில் கதவு மூடினால்தான் சிக்னல் விழும் என்பதால், சாலை நெரிசல் ரயிலையும் நிறுத்திவிடும். கேட்டுக்குப் பதில் சுரங்கப்பாதை போட்டால் மழைக்காலத்தில் குளமாகிறது. பள்ளிப் பிள்ளைகளும் ஆம்புலன்சும் போகும் சாலைகளிலாவது மேம்பாலத்தை இதே திட்டச் செலவில் சேர்க்க வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். விழுப்புரத்துக்கு வடக்கே செங்கல்பட்டு வரை இருப்பது இரண்டே பாதைகள். கார்டு லைன் ரயில்களும் மெயின் லைன் ரயில்களும் அதில்தான் நுழைய வேண்டும். அங்கே தானியங்கி சிக்னலோ மூன்றாவது பாதையோ வராதவரை, மெயின் லைன் இரட்டிப்பால் சென்னைக்குப் புதிய ரயில்கள் கொத்தாகக் கிடைத்துவிடாது. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையில், விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியபோது கார்டு, மெயின் இரு லைன் ரயில்களும் சேர்ந்தே பாதிக்கப்பட்டன. இரட்டிப்பு உடனடியாகத் தருவது நேரம் தவறாமையும், கடலூர்–மயிலாடுதுறை–கும்பகோணம்–தஞ்சை ஊர்களுக்கிடையே அடிக்கடி ஓடும் பகல் ரயில்களும். தினமும் வேலைக்கும் கல்லூரிக்கும் போகிறவர்களுக்கு இதுதான் பெரிய வரவு.

ஆகவே என் தேர்வு மயிலாடுதுறை–விழுப்புரம் இரட்டிப்பு. அது முடியும்வரை கிராஸிங் நிலையங்களும் மெமு வண்டிகளும். புதிய லூப்புகளை இடும்போதே அவை நாளைய இரண்டாவது பாதையின் வரைபடத்தோடு பொருந்தினால், போட்ட பணம் வீணாகாது. கும்பகோணத்தில் அடுத்த மகாமகம் 2028-ல் வருகிறது. அதற்குள் இரண்டாவது பாதை வராது. ஆனால் நீண்ட லூப்புகளும், 24 பெட்டி நிற்கும் நடைமேடைகளும், மிக நீண்ட செக்‌ஷன்களில் கிராஸிங் நிலையங்களும் வர முடியும். அவற்றுக்கான டெண்டரை இப்போதே விட வேண்டும்.