விண்டோஸ் 3.1 டீபக்கிங்: இரண்டாவது மானிட்டர் இல்லாமல் தொடங்காதீர்கள்

பழைய 386, 486 கணினியில் விண்டோஸ் 3.1-க்கு நிரல் எழுதுபவர்கள் முதலில் ஒரு மோனோகுரோம் கார்டையும் அதற்கான மானிட்டரையும் தேடிப் பிடித்துவிடுங்கள். மற்ற கருவிகளின் பயன் பெரும்பாலும் இதைப் பொறுத்தே அமைகிறது.

3.1-இல் எல்லா நிரல்களுக்கும் சேர்த்து ஒரே உள்ளீட்டு வரிசைதான். திரையும் ஒன்றே. வரையும் பகுதியில் பிரேக்பாயிண்ட் (நிரலை நிறுத்திப் பார்க்கும் இடம்) வைத்தால் டீபக்கரின் (பிழை தேடும் கருவியின்) சாளரம் உங்கள் சாளரத்தை மறைக்கும். ஓட விட்டதும் மறைந்த இடத்தை நிரப்ப மறுபடி பெயிண்ட் செய்தி வரும், மறுபடி அதே வரியில் நிற்கும். இந்தச் சுழலுக்கு முடிவே கிடையாது. மைக்ரோசாஃப்டின் டீபக்கரான கோட்வியூவை /2 சுவிட்சோடு இயக்கினால் அது மோனோ திரைக்குப் போய்விடும், சுழல் அறுபடும்.

மோனோ கார்டு பி000 முகவரியிலும் விஜிஏ ஏ000, பி800-இலும் இருப்பதால் இரண்டும் ஒரே கணினியில் ஒத்துப்போகும். ஆனாலும் இரண்டு இடங்களில் சறுக்கும். 386 என்ஹான்ஸ்டு முறையில் (386 செயலியின் கூடுதல் வசதிகளைப் பயன்படுத்தும் முறை) விண்டோஸ் பி000 பகுதியைக் காலியிடம் என்று எடுத்துக்கொள்ளலாம். அதைத் தடுக்க சிஸ்டம்.ஐஎன்ஐ-யின் 386என்ஹெச் பகுதியில் ஈஎம்எம்எக்ஸ்க்ளூட்=பி000-பி7எஃப்எஃப் என்று சேர்க்க வேண்டும். கான்ஃபிக்.சிஸ்-இல் நினைவக மேலாளரான ஈஎம்எம்386 அதே பகுதியை ஐ= என்று கேட்டிருந்தால் அதையும் நீக்குங்கள். அடுத்தது, கார்டுகளைச் செருகும் ஐஎஸ்ஏ பஸ் 16-பிட் அணுகலை 128 கேபி தொகுதியாகவே முடிவு செய்கிறது. பக்கத்தில் 8-பிட் மோனோ கார்டு இருந்தால் விஜிஏ கார்டையும் ஜம்பர் மூலம் 8-பிட்டுக்கு மாற்ற வேண்டியிருக்கும். மாற்றாவிட்டால் மோனோ திரையில் குப்பை எழுத்துகள் தெரியும். மாற்றினால் வரைதல் மெதுவாகும், ஆனால் அந்த இழப்பைத் தாராளமாக ஏற்கலாம்.

எஸ்டிகே-யில் (மைக்ரோசாஃப்டின் நிரலாக்கத் தொகுப்பில்) வரும் டீபக் கெர்னல், அதாவது பிழைகளைக் கண்டு சொல்லும் விண்டோஸ் பதிப்புதான் மிகச் சிறந்த கருவி. பலர் அதை நிறுவுவதே இல்லை என்பது வருத்தம். விண்டோஸை விட்டு வெளியேறி டாஸில் என்2டி என்ற பேட்ச் (.BAT) கோப்பை ஓட்டினால் கெர்னல், யூசர், ஜிடிஐ (வரைதலைக் கவனிக்கும் பகுதி) மூன்றின் டீபக் பதிப்புகள் அமரும். பழையபடி திரும்ப டி2என். இவை தரும் பிழைச் செய்திகள் ஆக்ஸ் (சீரியல்) போர்ட்டுக்குப் போகும். அங்கே டெர்மினல் இல்லையென்றால் எழுத முடியவில்லை என்று கணினி நின்றுவிடும். கான்ஃபிக்.சிஸ்-இல் ஓஎக்ஸ்.சிஸ் என்ற டிரைவரைச் சேர்த்தால் அவை மோனோ திரைக்கு வரும். இதே செய்திகளைக் காட்டும் டிபிவின் கருவியிலும் மோனோ வெளியீட்டையே தேர்ந்தெடுங்கள். அதன் சாளரத்தை நம்பினால் கணினி உறையும் தருணத்தில் கடைசி வரிகள், அதாவது நமக்குத் தேவையானவை, தொலைந்துபோகும்.

வரைவதற்கான டிசி-யை (டிவைஸ் கான்டெக்ஸ்ட்) கெட் டிசி அழைத்துப் பெற்றுவிட்டு, திருப்பிக் கொடுக்கும் ரிலீஸ் டிசி-யை மறப்பது வழக்கமான பிழை. பொது டிசி மொத்தம் ஐந்தே என்பதால், தவறு ஒரு நிரலில் இருக்க, வரைய முடியாமல் தவிப்பது இன்னொன்றாக இருக்கும். பிரஷ், பேனா கசிவுகள் 64 கேபி ஜிடிஐ ஹீப்பை (வரைபொருள்களுக்கான நினைவகத்தை) தின்றுவிடும். அழிக்காமல் விட்ட பொருள்களை, நிரல் முடியும்போது டீபக் ஜிடிஐ சொல்லிவிடும். எந்த டயலாக் கசிகிறது என்று அறிய நினைவகத்தைக் காட்டும் ஹீப்வாக்கர் கருவியில் ஜிடிஐ ஹீப்பைப் பார்த்து, டயலாக்கைப் பத்து முறை திறந்து மூடி, மறுபடி பாருங்கள். பத்தின் மடங்கில் கூடியிருக்கும் பொருள்தான் குற்றவாளி.

பயனர் கணினிக்கு, நிரல் விழுவதைப் பதிவுசெய்யும் டாக்டர் வாட்சன் போதும். வின்.ஐஎன்ஐ-யின் லோட்= வரியில் சேர்த்தால், நிரல் விழுந்த செக்மென்ட்டும் ஆஃப்செட்டும் பதிவாகும். அந்த எண்ணைச் சார்பின் பெயராக மாற்ற அதே பில்டின் மேப் கோப்பு (சார்புகளின் முகவரிப் பட்டியல்) வேண்டும். ஆகவே வெளியிடும் ஒவ்வொரு வட்டோடும் அதன் மேப் கோப்பை எடுத்து வையுங்கள். பின்னால் மறுபடி பில்ட் செய்து எடுத்த மேப்பில், மூலநிரல் ஒரு வரி மாறியிருந்தாலும் முகவரிகள் பொருந்தாது.