"300 டிபிஐ" என்று சொல்லி ஏ0 வரைபடம் விற்கிறார்கள், உஷார்

விற்பவர்களிடம் கேட்டது மதுரை நகரத்தின் சுவர் வரைபடம்: ஏ0 தாள் (84 × 119 செ.மீ.), 1:10,000 அளவு, 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்). முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டு அனுப்பியது 14,043 × 9,933 பிக்சல் ஜேபெக். ஏ0-வுக்கு 300 டிபிஐயில் வரவேண்டிய கணக்கு அதுதான். பிராபர்ட்டீஸிலும் 300 என்றே இருந்தது.

ஜிம்ப் என்ற பட மென்பொருளில் 100 சதவீதத்தில் திறந்ததும் குட்டு உடைந்தது. தெருப்பெயர்களில் ஒவ்வோர் எழுத்தின் விளிம்பும் ஏழு பிக்சல் அகலத்துக்குக் கரைந்து கிடந்தது. 1920 பிக்சல் ஸ்க்ரீன்ஷாட்டை 14,043-க்கு இழுத்தால் ஏழு மடங்குக்கு மேல்; இங்கே நடந்ததும் அதுதான். 46.8 அங்குல அகலத்தில் உண்மையில் இருந்தது வெறும் 41 டிபிஐ. டிபிஐ என்பது ஃபைலுக்குள் எழுதிவைக்கும் ஓர் எண்; யாரும் மாற்றிவிடலாம். அதை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

புகார் செய்தபின் வந்த இரண்டாவது ஃபைல் பளிச்சென்று இருந்தது, ஆனால் அதுவும் உதவாது. ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்தின் ஜூம் 18 (தெருக்களை நெருங்கிக் காட்டும் நிலை) டைல்களை, அதாவது திரைக்கான சிறு சதுரப் படங்களை, ஒட்டியிருந்தார்கள். மதுரையில் அந்த ஜூமில் ஒரு பிக்சல் தரையில் 0.59 மீட்டர், 1:10,000-இல் அச்சிட்டால் 0.059 மி.மீ. திரையில் 10 பிக்சல் உயரமுள்ள எழுத்து தாளில் 0.6 மி.மீ. கண்ணாடி போட்டாலும் படிக்க முடியாது. ஜூமைக் குறைத்தால் எழுத்து பெரிதாகும், சின்னத் தெருக்களின் பெயர் காணாமல் போகும். திரைக்காக வரைந்த டைலில் இதற்கு வழியே இல்லை. போதாததற்கு, இந்தப் பரப்புக்கு 4,400 டைல்கள் வேண்டும். அப்படி மொத்தமாக இறக்குவதை ஓபன்ஸ்ட்ரீட்மேப் விதிகளே தடுக்கின்றன. பணம் மட்டும் திரும்பவில்லை.

முறையாகச் செய்பவர் வெக்டர் தரவிலிருந்துதான் (பிக்சலாக இல்லாமல் கோடு, புள்ளிகளாகச் சேமித்தது) தொடங்குவார். ஜியோஃபாப்ரிக் தளத்தில் ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவின் தென்னிந்தியத் தொகுப்பு இலவசம். அதை கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஏற்றி, எழுத்தளவைப் பாயின்ட் கணக்கில் வைத்து, பிரிண்ட் லேஅவுட்டில் ஏ0 அமைத்து பிடிஎஃப்பாக எடுக்க வேண்டும். "ஆல்வேஸ் எக்ஸ்போர்ட் அஸ் வெக்டர்ஸ்" டிக் செய்திருக்க வேண்டும். லேயரில் பிளெண்டிங் மோட் (அடுக்குகளின் நிறங்களைக் கலக்கும் அமைப்பு) இருந்தால் படமாக மாறிவிடும் வாய்ப்பு உண்டு. அதை நீக்கச் சொல்லுங்கள். தமிழ்ப் பெயர்கள் இருந்தால் எழுத்தை அவுட்லைனாக (எழுத்துரு தேவைப்படாத கோட்டு வடிவமாக) எடுப்பதே பத்திரம், இல்லையென்றால் அச்சகத்தில் எழுத்துரு இல்லாமல் கொம்பும் காலும் இடம் மாறும்.

படமாகத்தான் வேண்டுமென்றால் 300 டிபிஐக்குப் பிக்சல்களுக்கு மட்டுமே 560 எம்பி ராம் போகும், 600-க்கு அதன் நான்கு மடங்கு. எக்ஸ்போர்ட் பாதியில் நின்றுபோவது பெரும்பாலும் இதனால்தான். ஒரு மீட்டர் தள்ளி நின்று பார்க்கும் வரைபடத்துக்கு 200 டிபிஐ தாராளம்.

பணம் கொடுக்கும் முன் நெருக்கமான தெருக்கள் உள்ள இடத்திலிருந்து 10 செ.மீ. சதுரத் துண்டு ஒன்றை பிடிஎஃப்பாகக் கேளுங்கள். 1600 சதவீதத்துக்குப் பெரிதாக்குங்கள். கோடு கூர்மையாகவே நின்றால் வெக்டர், படிக்கட்டாக உடைந்தால் படம். அதே துண்டை 100 சதவீத அளவில் அச்சிட்டுப் பெயர்களைப் படித்துப் பாருங்கள். கியூஜிஇசட் கோப்பையும் (கியூஜிஐஎஸ்ஸின் வேலைக் கோப்பு) தரவையும் சேர்த்துத் தருவதாக எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்; தர மறுப்பவரிடம் வேலையைக் கொடுக்க வேண்டாம்.