நாயை போர்டிங்கில் விடப் போகிறீர்களா? 4,800 ரூபாய் அழுதவன் சொல்கிறேன்

கடுப்பில் எழுதுகிறேன், முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பெயரைப் போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று மிரட்டியிருக்கிறார்கள், அதனால் பெயர் வேண்டாம். கும்பகோணம் பக்கம், தகரக் கூரை போட்டு முன்னறைக்கு மட்டும் ஏசி வைத்த ஒரு நாய் போர்டிங், அதாவது நாம் ஊருக்குப் போகும்போது காசு வாங்கிக்கொண்டு நாயைப் பார்த்துக்கொள்ளும் இடம்.

அக்கா மகள் வளைகாப்புக்குக் குடும்பத்தோடு கோயம்புத்தூர் போக வேண்டியிருந்தது. எங்கள் நாய் பொன்னியைப் பார்த்துக்கொள்ளும் எதிர்வீட்டு அத்தையும் அந்த நேரம் பார்த்து ஊரில் இல்லை. சரி என்று அங்கே கூட்டிப் போனோம். அங்கிருந்த ஆள் தரையில் உட்கார்ந்து, கையை நீட்டி, அவளாகவே வந்து மோந்து பார்க்கட்டும் என்று பொறுமையாக இருந்தார். வீட்டுக்கு யார் வந்தாலும் கட்டிலுக்கடியில் பதுங்குகிறவள், கொஞ்ச நேரத்தில் அவர் முழங்காலில் மோவாயை வைத்துவிட்டாள்! ராத்திரிக்குத் தயிர்சாதம்தான் என்று என் மனைவி சொன்னதை நோட்டில் எழுதிக்கொண்டார். "இங்க சங்கிலியே கிடையாதுண்ணே, நம்ம வீட்டுப் புள்ள மாதிரி" என்றார். தடுப்பூசி புத்தகத்தை நீட்டினால் "அதெல்லாம் எதுக்கு, பார்த்தாலே தெரியுது" என்று சிரித்தார். முழுப் பணம் 4,800 ரூபாயும் அங்கேயே ஜிபேயில் அனுப்பினேன்.

தினமும் வீடியோ வந்தது. ஐப்பசி அடைமழை, டெல்டா மாவட்டங்களில் பள்ளிக்கூடமே லீவு, வீடியோவில் பொன்னி சுள்ளென்ற வெயிலில் காய்ந்த தரையில் நிற்கிறாள். விட்ட அன்று எடுத்ததையே வெட்டி வெட்டி அனுப்பியிருக்கிறார்கள்.

திரும்பக் கூட்டிவரப் போனபோது உள்ளே விடவில்லை, முன்னறையிலேயே உட்கார வைத்து, குளிப்பாட்டிப் பவுடர் போட்டுக் கொண்டுவந்தார்கள். வீட்டில் கழுத்துப் பட்டையைக் கழற்றினால் அடியில் சங்கிலி அறுத்த தடம், முடி போய்ச் சீழ் வைத்திருக்கிறது. காது மடலுக்குள்ளும் கால் விரலிடுக்கிலும் உண்ணி, ரத்தம் குடித்து ஆமணக்கங்கொட்டை மாதிரி உப்பியவை. ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு ஓடினோம். உண்ணிக் காய்ச்சல் கடித்தவுடனே தெரியாதாம், ஒன்றிரண்டு வாரம் கழித்துக்கூட வருமாம். சாப்பிடாமல் படுத்தாலோ, ஈறு வெளுத்தாலோ, மூக்கில் ரத்தம் வந்தாலோ உடனே தூக்கி வரச் சொன்னார் டாக்டர்.

போன் போட்டால் முதலில் "ஓனர் வெளியே போயிருக்கார்". அப்புறம் "மழைக்காலம்ல, எல்லா நாய்க்கும் உண்ணி வரும் சார்". அண்ணே போய் சார் வந்துவிட்டது, கவனித்தீர்களா? அதற்கப்புறம் "நீங்க கொண்டுவரும்போதே புண்ணு இருந்துச்சு". பழைய போட்டோவை அனுப்பினேன், ஒரு கும்பிடு பொம்மை வந்தது, அதோடு என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டார்கள். வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டபோதுதான் அந்த வக்கீல் நோட்டீஸ் மிரட்டல். 4,800 ரூபாய்க்கு ஒரு துண்டுச்சீட்டு ரசீதுகூடக் கிடையாது.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், மருந்து போடும் நேரமாகிவிட்டது. நாய் ராத்திரி படுக்கும் இடத்தைக் காட்ட மாட்டேன் என்றால் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள். தடுப்பூசி கேட்காத இடத்தில் பக்கத்துக் கூண்டு நாய்க்கும் ஊசி போட்டிருக்க மாட்டார்கள், பார்வோ, டிஸ்டம்பர் மாதிரி நாயைக் கொல்லும் தொற்றுநோயெல்லாம் அங்கிருந்துதான் வரும். முழுப் பணத்தை முன்னாடியே கொடுக்காதீர்கள். விடும்போது கழுத்து, காது, கால் எல்லாம் அவர்கள் கண்ணெதிரிலேயே போட்டோ எடுங்கள். வீடியோ வேண்டாம், வீடியோ கால் கேளுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்துவிட்டேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கோ சேவைக்கோ அங்கே புகார்க் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. 4,800-க்கு இவ்வளவு அலைச்சலா என்கிறார் மாமனார். அலைகிறேன், என்ன இப்போ? இதே மாதிரி இடத்தில் விட்டு அடிபட்டவர்கள் இந்தப் பக்கம் இருந்தால் பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டோடு உள்பெட்டிக்கு வாருங்கள், சேர்ந்தே கொடுப்போம்.