கார்ட்லெஸ் ட்ரில்: ஆறு வருடத்தில் பேட்டரி கற்றுக்கொடுத்தது

மரவேலைக்காக 18 வோல்ட் கார்ட்லெஸ் ட்ரில் வாங்கி ஆறு வருடம் ஆகிறது. கூடவே 2 ஆம்பியர் ஹவர் கொள்ளளவுள்ள லித்தியம் பேட்டரி இரண்டு. மோட்டாருக்கு இன்றுவரை ஒரு குறையும் இல்லை. என்னைப் படுத்தியதெல்லாம் பேட்டரிதான்.

அதற்கு முன் வைத்திருந்தது பழைய ரக நிக்கல்-காட்மியம் பேட்டரி. "சுத்தமா இறங்கின பிறகுதான் சார்ஜ் போடணும் தம்பி" என்று ஆசாரி பழக்கிவிட்டிருந்தார். லித்தியத்திலும் அதையே செய்தேன். ஒரு ஐப்பசியில் தீர்ந்துபோன பேட்டரியை அப்படியே பெட்டியில் போட்டவன், தை பிறந்த பிறகுதான் எடுத்தேன். சார்ஜரில் செருகினால் சிவப்பு விளக்கு மினுக்குகிறது, அவ்வளவுதான். சர்வீஸ் சென்டரில் ரிப்பேர் கிடையாதாம். புதுசு, ட்ரில் விலையில் பாதி!

சரி என்று நானே திறந்தேன். உள்ளே ஐந்து 18650 செல், வரிசையாக. 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம் என்பதால் அந்தப் பெயர். மல்டிமீட்டரில் நான்கு செல் 3.4 வோல்ட் காட்டின, ஐந்தாவது வெறும் 1.1. அந்த ஒன்றுக்காக, உள்ளே இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட் போர்டு மொத்தத்தையும் பூட்டிவிட்டது. அவ்வளவு இறங்கிய செல்லை வலுக்கட்டாயமாக ஏற்றவும் கூடாது, உள்ளே ஷார்ட் ஆகும் அபாயம் உண்டு.

அந்த ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தேன். பழைய நான்கோடு புதுசு ஒத்துப்போகவில்லை, இரண்டே மாதத்தில் பழைய கதை. அப்புறம் ஐந்தையும் மாற்றினேன், அதிலும் ஒரு கோட்டை விட்டேன். கொள்ளளவு 3500 மில்லி ஆம்பியர் ஹவர் என்று போட்டிருந்ததைப் பார்த்து மயங்கி பவர் பேங்க் ரக செல்லை வாங்கிவிட்டேன். சின்ன ஸ்க்ரூவுக்கு ஓடியது. தேக்கில் 10 மி.மீ. பிட்டை அழுத்தினதும் முக்கி நின்றுவிட்டது. ட்ரில்லுக்கு வேண்டியது கொள்ளளவு அல்ல, ஒரே மூச்சில் 20 ஆம்பியராவது தரும் செல். 2500 ஆனாலும் அந்த ரகம் போட்டேன், இப்போது ஒரு வருடமாகப் பிரச்சினை இல்லை. செல்களை இணைக்கும் நிக்கல் பட்டையை சென்னை ரிச்சி தெருவில் ஸ்பாட் வெல்டிங் செய்து வாங்கினேன். சால்டரிங் அயர்னை நேராக செல்லில் வைக்காதீர்கள், சூடே அதைக் கெடுத்துவிடும்.

இரண்டாவது பேட்டரி இன்னும் கம்பெனி செல்லிலேயே ஓடுகிறது. அதைப் பாதி சார்ஜில் அலமாரியில் வைக்கிறேன், வெயிலில் நிற்கும் வண்டிப் பெட்டியில் விடுவதில்லை. வேலை முடிந்து சூடாக இருந்தால் அரை மணி நேரம் ஆறவிட்டுத்தான் சார்ஜ்.

கழற்றிய செல்களின் முனையில் டேப் ஒட்டி ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வைத்திருக்கிறேன். குப்பையில் போட முடியாது, மின்கழிவு எடுப்பவரிடம் கொடுக்க வேண்டும்.